நீர்ச்சுருக்கு: ஒரு நூற்சுருக்கம்

நூல் செய்கிறவன் முதலில் அவையடக்கம் சொல்ல வேண்டும் என்பது மரபு. சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன், சித்தன் அல்லன், மலையில் பிறந்தவனும் அல்லன். ஜவ்வாது மலையில் அங்கன்வாடி வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியம்மாவோடு மூன்றாண்டுகள் பேருந்தில் ஏறி இறங்கியதுதான் எனக்குள்ள தகுதி. அவருக்குச் ‘சூடு பிடித்துக்கொண்டது’. பிடித்த சூடு விடவில்லை. அடிவயிறு கனத்து, கடுத்து, போனால் எரிந்து, வந்து உட்கார்ந்ததும் மறுபடி போகச் சொன்னது. அந்தச் சூட்டைத் துரத்திக்கொண்டு மலையிலிருந்து நாங்கள் இறங்கிய வழிதான் இந்நூல்.

நூல் என்றால் பெயர்க்காரணம் வேண்டும். சவ்வாது என்ற சொல், புனுகைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. புனுகு, புனுகுப்பூனையின் வாலுக்கு அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வழித்தெடுப்பது. உடற்கூற்றுப்படி பார்த்தால் அது இடுப்புக்குழியின் வெளித்திண்ணை. பூனையின் அந்த இடத்திலிருந்து வருவதைக் கோயிலில் சுவாமிக்குச் சாத்துகிறோம். மனுஷிக்கு அதே இடத்தில் வலி என்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பேசச் சொல்கிறோம். மலைக்கும் புனுகுக்கும் என்ன உறவு என்று என்னைக் கேட்க வேண்டாம். கட்டுரைக்கும் புனுகுக்கும் உறவு உண்டு.

அடுத்து நிலவியல். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில்தான் செய்யாறு பிறக்கிறது. மழை நீரை வாங்கி வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சமவெளிக்கு விடுவது மலையின் தொழில். சிறுநீர்ப்பைக்கும் இதே தொழில்தான், கொள்ளளவில்தான் வித்தியாசம். நல்ல நிலையில் உள்ள பை 400 முதல் 500 மில்லி வரை தாங்கும்; பகலில் ஏழெட்டு முறைக்குள் வேலையை முடித்துக்கொள்ளும். பெரியம்மாவின் பை அரை டம்ளருக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ள மறுத்தது. மருத்துவர் சொல்லி மூன்று நாள் கணக்கு எழுதினோம். எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு போனார் என்று கோடு போட்ட நோட்டில் எழுத வேண்டும். அங்கன்வாடியில் முப்பது ஆண்டு பதிவேடு எழுதிய கை அல்லவா, அழகாக எழுதினார். மூன்றாம் நாள் முடிவில் கூட்டிப் பார்த்து, “எழுபத்தெட்டு வருதுடா” என்றார், பிள்ளைகளின் வருகைப் பதிவைச் சொல்வதுபோல.

மலையில் கிடைக்கும் வைத்தியத்திலிருந்து தொடங்குவோம். பேருந்துக் கட்டணம் இல்லாதது. முதலில் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு. வலிக்கும் இடத்துக்கும் மருந்து பூசும் இடத்துக்கும் இத்தனை தூரம் விட்டு வைத்தியம் செய்த பெருமை தமிழருக்கு உண்டு. இதனால் யாருக்கும் கெடுதல் நேர்ந்ததாகத் தெரியவில்லை. வைத்திய வரலாற்றில் இதுவே பெரிய பாராட்டு. அடுத்து தொப்புளில் விளக்கெண்ணெய். பிறகு வெந்தயம் ஊறிய தண்ணீர், மோர், இளநீர், வாழைத்தண்டு. அதன் பிறகுதான் மூலிகை: நெருஞ்சில், சிறுபீளை, மாவிலிங்கப் பட்டை. நீரைப் பெருக்கும் நோய், நீரை அருக்கும் நோய் என்று சித்த மருத்துவம் இந்தத் துறையை இரண்டே அறைகளில் அடக்கி வைத்திருக்கிறது. பின்னால் வரப்போகும் வெள்ளைக்காரர்களின் பெயர் மாற்றங்களைப் பார்க்கும்போது, இந்த இரண்டு அறை வீட்டின் அருமை புரியும்.

சிறுபீளையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுக் கூரையில் காப்புக் கட்டுகிறோமே, வேப்பிலை, ஆவாரம்பூவோடு செருகும் அந்த வெள்ளைப் பூளைப்பூதான் அது. நீர்க்கடுப்புக்குக் கஷாயம் வைக்கச் சொல்லும் செடியை ஆண்டுக்கொரு முறை வாசலிலேயே கட்டித் தொங்கவிட்டு, தை பிறந்ததும் காய்ந்த பிறகு பிடுங்கி எறிகிறோம். இந்த மூலிகைகளைப் பற்றி நவீன ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. மாவிலிங்கம் எலிகளின் கல்லடைப்புக்கு நல்ல பலன் தந்தது. ஜவ்வாது மலை எலிகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

பெரியம்மா இவை எல்லாவற்றையும் செய்தார். சிறிது தணிந்தது. திரும்பி வந்தது.

இரண்டாம் கட்டம் மருந்துக்கடை. கடைக்காரத் தம்பி எரிச்சல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் “யூரின் இன்பெக்‌ஷன்” என்று நோயைக் கண்டுபிடித்து, இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார். இதில் பாதி உண்மை உண்டு. பெண்களுக்கு வரும் நீர்க்கடுப்பில் பெரும்பகுதி கிருமியால் வருவதுதான். குடலில் குடியிருக்கும் இ. கோலி வழி தவறி மேலே ஏறிவிடுகிறது. பெண்ணின் நீர்த்தாரை நீளம் குறைவு. ஏறுகிறவருக்கு மலைப்பாதை இல்லை, நான்கு சென்டிமீட்டர் சமதளம். சரியான மருந்தைச் சரியான நாள் வரை சாப்பிட்டால் தீர்ந்துவிடும்: நைட்ரோபியூரன்டாயின் ஐந்து நாள், அல்லது பாஸ்போமைசின் பொடி 3 கிராம் ஒரே வேளை. கத்தரித்துக் கொடுக்கும் இரண்டு மாத்திரை எந்தக் கணக்கிலும் வராது. அது கிருமிக்குக் கொடுக்கும் பயிற்சி வகுப்பு.

நூலின் நடுவே அபாயச் சங்கிலி ஒன்றைத் தொங்கவிட வேண்டிய இடம் இது. சிறுநீரில் ரத்தம், குளிரோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, அல்லது கர்ப்பம்: இவற்றில் ஏதாவது இருந்தால் இக்கட்டுரையை மடித்து வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

பெரியம்மாவுக்கு மூன்று முறை சிறுநீர்க் கல்ச்சர் பார்த்தோம். எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்கர் 1956-இல் ஒரு மில்லியில் ஒரு லட்சம் கிருமி இருந்தால்தான் தொற்று என்று எல்லை வகுத்தார். எரிச்சலோடு வருகிறவர்களுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் தொற்றாக இருக்கலாம் என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் லட்சம் என்ற எண்ணுக்கு உள்ள கவர்ச்சி குறையவில்லை. பெரியம்மாவின் தாளில் லட்சமும் இல்லை, ஆயிரமும் இல்லை. ‘நோ குரோத்’ என்று இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் தன் உடம்பில் கிருமி இல்லை என்று தெரிந்து வாடிப்போனதைப் பார்த்தேன். “அப்போ எனக்கு ஒண்ணும் இல்லன்றாங்களா?” என்றார். நியாயமான கேள்வி. உலக மருத்துவம் இந்தக் கேள்வியோடு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் போராடியிருக்கிறது.

கிருமி இல்லாமல் பை வலிப்பதை 1836-இல் பிலடெல்பியாவின் ஜோசப் பாரிஷ் எழுதி வைத்தார். 1887-இல் அலெக்ஸாண்டர் ஸ்கீன் அதற்கு ‘இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ்’ என்று பெயர் வைத்தார். 1915-இல் பால்டிமோரின் கை ஹன்னர், பையின் உட்சுவரில் புண்களைப் பார்த்து, பெண்களுக்கு வரும் அரிய புண் என்று எழுதினார். ‘அரிய’ என்ற சொல்லைப் பின்வந்தவர்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். புண் தெரிந்தால் நோய், தெரியாவிட்டால் பெண்ணின் மனம். 1978-இல் வந்த ‘கேம்பெல்’ சிறுநீரகவியல் பாடநூல் இந்த நோயை மனம் சார்ந்த உடற்கோளாறுகள் என்ற தலைப்பின் கீழ் வைத்தது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த விக்கி ராட்னர் என்ற பெண் தனக்கே அந்த வலி வந்து, மருத்துவர் மருத்துவராக அலைந்து, 1984-இல் நோயாளிகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பிறகே அமெரிக்க அரசு கூட்டம் போட்டு நோய்க்கு இலக்கணம் வகுத்தது. ஆராய்ச்சிக்கென்று வகுத்த அந்த இலக்கணத்தை மருத்துவமனைகளும் எடுத்து வைத்துக்கொண்டதால், நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் நோய்க்குத் தகுதி பெறாமல் போனார்கள். பிறகு 2002-இல் ‘வலிமிகு பை நோய்க்குறி’ என்றார்கள். 2008-இல் ஐரோப்பியர்கள் ‘பை வலி நோய்க்குறி’ என்று திருத்தினார்கள். பெரியம்மா 1836-க்கும் 2008-க்கும் இடைப்பட்ட அறிவு அனைத்தையும் இரண்டு சொல்லில் வைத்திருந்தார்: “அடிவயிறு வலிக்குது.” பெயர் மாறி மாறிக் கடைசியில் அங்கேதான் வந்து நின்றிருக்கிறது.

இனி தொலைநோக்கி. ஜவ்வாது மலை என்றதும் வானியல்காரர்களுக்குக் காவலூர் வானாய்வகம் நினைவுக்கு வரும். வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் தேடிக் கண்டுபிடித்த இடம்; 1968-இல் முதல் தொலைநோக்கி வேலை தொடங்கியது. வியாழனின் துணைக்கோள் கானிமீடுக்கு மெல்லிய காற்றுமண்டலம் உண்டு என்று 1972-இல் இங்கிருந்து சொன்னார்கள். 1977-இல் யுரேனஸின் வளையங்கள் நட்சத்திரத்தை மறைத்ததை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். 1986-இல் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். மலைக்கு இது பெருமை. ஆனால் பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது வேறு தொலைநோக்கி. சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பின் உள்ளே இருக்கும் ஒளிக்குழாயை அறுவைக் கூடத்திலும் ‘டெலஸ்கோப்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அதன் குறுக்களவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். மலைமேல் இருக்கும் தொலைநோக்கி, மலைமேல் இருப்பவருக்கு வேண்டிய தொலைநோக்கியைவிட 585 மடங்கு பெரியது. பெரியதிலிருந்து யுரேனஸ் தெரியும். சிறியதைப் பார்க்க வேலூருக்குப் போக வேண்டும்.

அந்தச் சிறிய கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. மாக்ஸ் நிட்ஸே என்ற ஜெர்மானியர் 1870-களின் இறுதியில் செய்த முதல் கருவியின் முனையில், சிவக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பி விளக்காக எரிந்தது. பை வெந்துவிடாமல் இருக்கக் குழாயில் தண்ணீர் ஓடியது. சூடு பிடித்தவருக்குள் கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்ப்பது என்பதைவிட நேர்மையான ஆய்வு முறை இருக்க முடியாது. இப்போது குளிர்ந்த வெளிச்சம்தான். பெரியம்மாவுக்குப் பார்த்தபோது புண் இல்லை. இருந்திருந்தால் நல்லது என்பது இத்துறையின் விசித்திரம்: ஹன்னர் புண் இருப்பவர்களுக்கு அதைச் சுட்டுவிட்டால் பல மாதங்களுக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்தப் பாக்கியமும் சிறுபான்மையோருக்குத்தான்.

புண் இல்லாதவர்களுக்கான மருந்துப் பட்டியலை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எழுதிக்கொண்டு வந்து, மூலப்பொருள் எதுவென்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாவிலிங்கப் பட்டையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இப்பகுதியைச் சத்தமாகப் படிக்கலாம்.

பென்டோசான் பாலிசல்பேட் என்று ஒரு மாத்திரை. பையின் உட்பூச்சு உரிந்துவிட்டது, அதை மறுபடி பூச வேண்டும் என்ற கருத்தில் கொடுப்பது. அமெரிக்காவில் 1996-இல் ஒப்புதல் பெற்றது. மூலப்பொருள், ஐரோப்பாவின் பீச் மரம். நீண்டகாலம் சாப்பிட்டவர்களில் சிலருக்கு விழித்திரை பாதிக்கப்படுவதை 2018-இல் கண்டறிந்தார்கள். ஆகவே பையைக் காப்பாற்றக் கண்ணைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிஎம்எஸ்ஓ என்று ஒரு திரவம், பைக்குள் நேராக ஊற்றுவது, 1978-இல் ஒப்புதல். காகித ஆலைக்காக மரத்தைக் கூழாக்கும்போது மிஞ்சுவதிலிருந்து வந்தது. ஊற்றியது கீழே, வாடை மேலே: ஓரிரு நாள் வாயில் பூண்டு மணக்கும். ஹெப்பாரின், அதுவும் பைக்குள் ஊற்றுவதுண்டு. பன்றிக் குடல். ஹயலுரானிக் அமிலம் நெடுங்காலம் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது. போடாக்ஸ் ஊசி, பையின் சுவரில் குத்துவது. கெட்டுப்போன ‘சாசேஜ்’ இறைச்சியில் ஊறும் நஞ்சு. அந்த நஞ்சை 1820-களில் முறையாக ஆராய்ந்து எழுதிய யுஸ்டினுஸ் கெர்னர் மருத்துவர் மட்டுமல்ல, கவிஞரும்கூட. அவரே தன்மீது சோதித்தும் பார்த்தார். கவிஞர்கள் இந்தத் துறைக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

ஆக மரம், மரக்கூழ், பன்றி, சேவல், ஊசிப்போன கறி. நம் ஊர் வைத்தியர் மடியிலிருந்து இப்படி ஒரு பட்டியலை எடுத்தால் ஊரை விட்டுத் துரத்தியிருப்போம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேருக்குக் கேட்டது, யாருக்குக் கண் போனது என்று எண்ணி எழுதி வைத்தார்கள். நாம் பெரும்பாலும் எலியோடு நிறுத்திக்கொண்டோம்.

பெரியம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது இவை எதுவும் அல்ல. அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம். மலிவானது, நரம்பு வழியே ஏறும் வலியைத் தணிக்கும். ஆனால் 1961-இல் அது மனச்சோர்வுக்கான மருந்தாகப் பிறந்தது. இச்செய்தியை மருத்துவர் பக்குவமாகச் சொல்லியிருந்தார். மருந்துக்கடைத் தம்பி பக்குவமில்லாமல் சொன்னார்: “இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாச்சே.” 1978-இன் பாடநூல் மலைக்குக் கீழே போளூர்ப் பக்கத்து மருந்துக்கடையில் இன்னும் நடப்பில் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். பெரியம்மா நான்கு நாள் மாத்திரையைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் வலி தாங்காமல் தொட்டார். இரண்டு வாரத்தில் தூக்கம் வந்தது.

உண்மையில் பெரிதும் உதவியது, மருந்தென்று சொல்ல முடியாத ஒன்று. இடுப்புக்குழியின் அடியில் தொட்டில்போலத் தசைகள் இருக்கின்றன. நாள்பட்ட வலியில் இவை இறுகிக்கொள்கின்றன; இறுகியது பையைப் பிசைகிறது; பை மறுபடி வலிக்கிறது. இங்கேதான் நல்லெண்ணம் கொண்டவர்கள் கெடுக்கிறார்கள். பெண்ணுக்குக் கீழே எந்தக் கோளாறு என்றாலும், 1948-இல் அர்னால்டு கேகல் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொல்வார்கள்: தசையை இறுக்கு, விடு, இறுக்கு. சிறுநீர் கசிகிறவருக்கு அது சரி. ஏற்கெனவே இறுகி வலிக்கிறவருக்கு அது முடிச்சின் மேல் முடிச்சு. இவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட், இறுகிய முடிச்சுகளைக் கையால் தேடி அழுத்தி விடுவிப்பார். 2012-இல் வட அமெரிக்காவில் 81 பெண்களை வைத்துச் சோதித்த முடிவு வெளிவந்தது. உடம்பு முழுக்கப் பொதுவாகப் பிடித்துவிட்டவர்களில் 26 சதவீதம் பேர் தேறினார்கள். இடுப்புக்குழித் தசைகளைக் குறிவைத்துப் பிடித்துவிட்டவர்களில் 59 சதவீதம். மரம், பன்றி, சேவல் எதுவும் தேவைப்படவில்லை.

“இத்தனை வருஷமா அடக்கி அடக்கி வெச்சிருக்கீங்க. கொஞ்சம் விட்டுக் குடுங்கம்மா” என்றார் அந்த பிசியோதெரபிஸ்ட் பெண். பெரியம்மா முதலில் அதை வாழ்க்கைத் தத்துவமாக எடுத்துக்கொண்டார். பிறகுதான் தசையைச் சொல்கிறார் என்று புரிந்தது. அங்கன்வாடிக் கட்டடத்தில் கழிப்பறை என்ற பெயரில் இருந்த அறையில் விறகு அடுக்கியிருந்தது. காலையில் வீட்டில் போனால் மாலையில் வீட்டில்தான். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டார். துணிக்கடையில் நின்று வேலை செய்யும் பெண்களும் இதையேதான் செய்கிறார்கள். அவர்கள் உட்காரும் உரிமைக்குத் தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. எழுந்து போகும் உரிமைக்குச் சட்டம் எழுதினால் என் பெரியம்மாவின் நோட்டைச் சாட்சியாக வைக்கலாம்.

உணவு விலக்கு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காபி, டீ, மிளகாய், தக்காளி, எலுமிச்சை, சோடா. புளியும் சிலருக்கு ஆகாது. எல்லோருக்கும் எல்லாமும் ஆகாமல் போவதில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரியம்மாவுக்குக் காபி மட்டுமே எதிரி என்று தெரிந்தது. சாமைக் கஞ்சி நிரபராதி.

அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் 2011-இல் இந்த நோய்க்கான சிகிச்சைகளை ஆறு படிகளாக அடுக்கியது. கீழ்ப்படியில் தண்ணீர், உணவு, தளர்வு. உச்சிப்படியில் பையையே எடுத்துவிடுவது. 2022-இல் படிகளை நீக்கிவிட்டு, ஆளுக்கேற்றபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது. நீண்டகாலம் ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்கிறது. முழுக்கக் குணமாகும் என்று அவர்களும் சொல்லவில்லை. தணியும், மீண்டும் வரும், மீண்டும் தணியும். பெரியம்மா இப்போது ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை போகிறார். அவருக்கு அது திருவிழா.

கடைசியாகப் போக்குவரத்து இயல். வேலூருக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களை வீட்டார் ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்ததால், மூவரும் ஒரே இரவில் இறந்துபோனதைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் என்ற பெண் மருத்துவம் படிக்கப் போனார். 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். பெண் மருத்துவர் வந்து நூற்றிருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவரிடம் போய்ச் சேர, மலைவளைவுகளில் பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறங்க வேண்டும். மலையில் உள்ளவர்களுக்குப் பைவலியின் சிகிச்சை பேருந்தில் தொடங்குகிறது. பைவலியும் பல நேரம் பேருந்தில்தான் தொடங்குகிறது. சிகிச்சைக்குப் போகிற நாள்களில் பெரியம்மா முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று கேட்டு வருவதற்காக.

ஒரு முறை மட்டும் நடுவளைவில் அவர் எழுந்து நின்று, “நிறுத்துப்பா” என்றார். கண்டக்டர் ஏன் என்று கேட்கவில்லை. விசில் ஊதினார். பெரியம்மா இறங்கினார், அவரைத் தொடர்ந்து, அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். வண்டி ஆறு நிமிடம் தாமதமாகப் போளூர் சேர்ந்தது.

அந்தத் தடத்தில் ஓடும் மற்றக் கண்டக்டர்களுக்கு ஒரு விண்ணப்பம்: யாரும் எழுந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். பாதி வழியில் ஒரு முறை விசில் ஊதுங்கள்.